கரண்ட் வந்தால் போதுமா?

வீட்டில் கரண்ட் போனால் முதலில் தெருவை எட்டிப் பார்க்கிறோம். தெருவே இருட்டாக இருந்தால் நிம்மதி, அது இ.பி.காரர்கள் பாடு. நம் வீட்டில் மட்டும் போயிருந்தால்தான் எலக்ட்ரீஷியனின் நம்பரைத் தேடுகிறோம். அவர் வருகிறார், போர்டைத் திறக்கிறார், டெஸ்டரை வைத்துப் பார்க்கிறார், எதையோ மாற்றுகிறார், ஃபேன் சுற்றுகிறது. கேட்டதைக் கொடுத்து அனுப்புகிறோம். பத்து நிமிடத்தில் கரண்ட்டைக் கொண்டுவந்தவர் கெட்டிக்காரர் என்றும், ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருந்தவர் வேலை தெரியாதவர் என்றும் பெயர் வாங்குகிறார்கள். நம் ஊர்களில் எலக்ட்ரீஷியனை எடைபோடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். அது தப்புக் கணக்கு. வேலை தெரிந்தவரைக்கூட மெல்ல மெல்ல மோசமான வேலைக்குப் பழக்கிவிடுகிற கணக்கும் அதுதான்.

ஃபியூஸ் போவதையும் எம்.சி.பி. விழுவதையும் பழுது என்றே நினைக்கிறோம். பழுது வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுகொண்டு லைனைத் துண்டிப்பதற்காக வைக்கப்பட்டவை இவை. பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் இருக்கும் மெல்லிய கம்பி, அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் உருகி அறுந்துபோகட்டும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது. அதை எடுத்துவிட்டு, கையில் கிடைத்த ஒயரை உரித்து நாலு இழையை முறுக்கிக் கட்டிவிட்டால் இனி ஃபியூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் போகும். எம்.சி.பி.யிலும் இதே கதை. ஏ.சி. போட்டதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதா, அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. எம்.சி.பி. காப்பாற்றுவது ஏ.சி.யை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. பவர் பிளக்குகளுக்கு வழக்கமாக இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பைப்புக்குள் ஓடும்போது தாங்குவது 20 ஆம்பியரை ஒட்டித்தான். 32 வரை வாய் திறக்காத எம்.சி.பி.யை அதற்குக் காவல் வைத்தால், ஒயர் சூடேறி அதன் மேலுறை இளகிக்கொண்டிருக்கும்போதும் அது விழாது. வீட்டுக்காரருக்கோ, முன்பு தினமும் விழுந்தது இப்போது விழவில்லை என்பதில் பரம திருப்தி.

மூன்றாவது குறுக்குவழிதான் மிக மோசம்: ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடுவது. இந்தக் கருவி செய்வது ஒரே ஒரு சோதனை. பேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. திரும்புவது குறைந்தால், குறைந்த அளவு வேறு வழியாகக் கசிகிறது என்று பொருள். ஈரச் சுவர் வழியாகவோ, ஹீட்டரின் உடல் வழியாகவோ, அதைத் தொட்டுக்கொண்டிருப்பவர் உடல் வழியாகவோ. வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி., கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் லைனைத் துண்டித்துவிட வேண்டும். அது எவ்வளவு சிறிய அளவு என்பதற்கு ஒரு கணக்கு: 230 வோல்ட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதே சுமார் 40 மில்லி ஆம்பியர். அந்தச் சின்ன பல்பின் கரண்ட் மார்பு வழியாகச் சில நொடி ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து தொடங்கிவிடுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர். அதைப் பொறுத்தவரை ஒரு மனிதர் ஷாக்கில் மாட்டித் துடிப்பதும் கூடத்தில் இன்னொரு பல்பு எரிவதும் ஒன்றுதான். “வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், பயமில்லை” என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்வது பெரும்பாலும் எலக்ட்ரீஷியன் இல்லை, நாம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறி, பைப்புக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு நாளைக்கு நாலு தடவை வீடே அணைந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். இன்வெர்ட்டர் பின்னால் போட்டிருந்தால், அதன் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் கண்டபடி கலந்துவிட்டிருப்பார்கள். உண்மையில் கசிவே இல்லாதபோதும் கணக்கு உதைத்து ஆர்.சி.சி.பி. விழும். இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். கழற்றி எறிய ஐந்து நிமிடம். இரண்டுக்கும் நாம் கொடுக்கப்போவது ஒரே கூலி என்றால், அந்தத் தொழிலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்?

எர்த் விஷயத்தில் நடப்பது இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஏமாற்று. மூன்று ஓட்டை பிளக்கில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த்துக்கானது. அங்கிருந்து பச்சை ஒயர் மெயின் போர்டுக்கும், அங்கிருந்து கொல்லைப்புறத்தில் கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கிய குழிக்கும் போக வேண்டும். கோடையில் அந்தப் பைப்பில் தண்ணீர் ஊற்றுவது பழைய வீடுகளில் ஒரு வழக்கமாகவே இருந்தது. இப்போது பல வீடுகளில் பச்சை ஒயர் போர்டுவரை அழகாக வந்து நிற்கும். அதற்கப்பால் குழி இருக்காது, அல்லது தரைக்கு டைல்ஸ் போடும்போது மூடிப்போயிருக்கும். எர்த் இல்லை என்று தெரிந்த சிலர் செய்யும் வேலை, பிளக்குக்குள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. மீட்டரை வைத்தால் எர்த் இருப்பதுபோலவே காட்டும். என்றைக்காவது அந்த லைனின் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், அதில் மாட்டியிருக்கும் ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த்தே இல்லாத வீட்டைவிட இது ஆபத்து. டெஸ்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டெஸ்டர் சொல்வது பேஸ் இருக்கிறதா என்பதை மட்டும். நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறதா, எர்த் உண்மையானதா என்று அதற்குத் தெரியாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகளைப் பார்த்தால், மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 12,000-க்கும் மேல். வயலில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்தவர்களும் கட்டட வேலையில் இறந்தவர்களும் இதில் அடக்கம்; எல்லாமே வீட்டுக்குள் நடந்தவை இல்லை. ஆனால் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு வாட்டர் ஹீட்டர், ஈரத்துணி காயப்போட்ட இரும்புக் கம்பி, மாவு கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்ற வரிசை புதிதில்லை. இந்த மரணங்களில் பலவற்றை ஒழுங்கான எர்த்தும் வேலை செய்கிற ஓர் ஆர்.சி.சி.பி.யும் தடுத்திருக்கும்.

அப்படியானால் நல்ல எலக்ட்ரீஷியனை எப்படி அடையாளம் காண்பது? வேகத்தை விட்டுவிட்டு, அவர் வேலையைத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். பாத்ரூம் ஹீட்டரைப் போட்டால் வீடே அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் முதலில் ஸ்குரு டிரைவரை எடுக்க மாட்டார், கேள்வி கேட்பார். சுவிட்சைப் போட்டதுமே விழுகிறதா, தண்ணீர் சூடேறிய பிறகா? மழைக்குப் பிறகுதான் இப்படியா? வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்காதவரை நம்பவே வேண்டாம். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. பிறகு எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். ஹீட்டர் லைனில்தான் விழுகிறது என்று தெரிந்ததும் ஹீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏற்றுவார். இப்போது நின்றால் வயரிங்கில் குற்றமில்லை, ஹீட்டரில்தான். இன்சுலேஷன் அளக்கும் கருவியான மெக்கரை எடுத்து ஹீட்டர் காயிலுக்கும் டேங்க்குக்கும் நடுவே பார்ப்பார். மெகா ஓமில் காட்ட வேண்டியது கிலோ ஓமில் நின்றால் காயில் வெடித்திருக்கிறது. கழற்றிய பழைய காயிலை உங்கள் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு, புதியதைப் போட்டு, ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதியிருக்கும் பட்டனை அமுக்கி அது விழுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்தப் பட்டனை வீட்டுக்காரர்களே மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலான ஆர்.சி.சி.பி.கள் பொருத்திய நாளுக்குப் பிறகு அந்தப் பட்டனில் விரல் படாமலே கிடக்கின்றன என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

மெக்கர் பல ஆயிரம் ரூபாய்ப் பொருள். ஒற்றை ஆளாய்த் தொழில் செய்யும் எல்லோரும் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பையில் டெஸ்டரும் கட்டிங் பிளையரும் டேப்பும் மட்டும் வைத்துக்கொண்டு பழுது தேட வருபவர் தேடப்போவதில்லை, மாற்றிப் போடத்தான் போகிறார்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. புது வயரிங்குக்குப் பாயின்ட் கணக்கில் கூலி பேசுகிறோம். பழுது வேலைக்கு, எதை மாற்றினாரோ அதைப் பார்த்துக் கூலி கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் தேடி, மெயின் போர்டில் நியூட்ரல் லிங்க்கின் ஸ்குரு ஒன்று லூஸாக இருப்பதைக் கண்டு இறுக்கிவிட்டுப் போகிறவரிடம் “ஒரு ஸ்குருவை முடுக்கினதுக்கு ஐந்நூறா?” என்கிறோம். மூன்று சுவிட்சையும் ஒரு எம்.சி.பி.யையும் தேவையில்லாமல் மாற்றியவருக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். கடைக்காரரிடமும் அவருக்கு ஒரு கமிஷன் இருக்கும். வீட்டு மின்பழுதுகளில் லூஸ் கான்டாக்ட் சாதாரணமாக வருவது. தீப்பொறியும் கருகலும் அங்கிருந்துதான் தொடங்கும். அதை நேர்மையாகச் சரிசெய்பவருக்குக் காட்டுவதற்கு ஒரு பொருளும் இருக்காது. ஆகவே வேலைக்கு முன்பே பிரித்துப் பேசிவிடுவது நல்லது: வந்து பார்த்துக் காரணம் சொல்வதற்கு இவ்வளவு, சரிசெய்வதற்குத் தனி. காரணம் தெரியாமல் எதையும் பெரிய அளவுக்கு மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பொருளை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பில்லோடு நாமே வாங்கித் தந்தால் கமிஷன் பேச்சுக்கே இடமில்லை.

“எங்கள் தெரு ஆள் இருபது வருஷமாகச் செய்கிறார், இதுவரை ஒன்றும் ஆனதில்லை” என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. மின்சாரத்தில் பெரும்பாலான விபத்துகளுக்கு இரண்டு குறைகள் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டர் காயில் நன்றாக இருக்கும்வரை எதுவும் நடக்காது. காயில் போனாலும் எர்த் இருந்தால் பிரேக்கர் விழுவதோடு முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்து அமைகிற காலை, பத்து வருடம் கழித்தும் வரலாம். அதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த எர்த் வேலைக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இதனால் தெரு ஆளைக் கைவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் போகிறது, எந்த ஜங்ஷன் பாக்ஸைப் பூச்சுக்கு அடியில் மூடினார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது. செயலியில் பதிவுசெய்தால் வரும் சீருடைக்காரரிடம் கூலிப் பட்டியலும் ரசீதும் உண்டு, அந்த ஞாபகம் கிடையாது. ஆளை வைத்துக்கொண்டே, அவரிடம் கேட்கும் வேலையை மாற்றலாம்.

லைசென்ஸ் கேட்க வேண்டுமா? சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010-இல் வந்தன, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை வயரிங்கின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் எந்தச் சேர்ப்பும் மாற்றமும், மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கீழ்தான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும் சான்றுகளையும் வழங்குவது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் என்று படிகள் உண்டு. நடைமுறையில் தெருவில் வேலை செய்பவர்களில் பலர் யாரோ ஒருவருக்குக் கையாளாகப் போய்க் கற்றவர்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்தவரைவிட அவர்களில் சிலர் கைநேர்த்தியில் மேல் என்பதும் உண்மை. சான்றிதழ் இருப்பவரெல்லாம் திறமைசாலி இல்லை. புது கனெக்‌ஷன் வாங்கும்போது கையெழுத்துக்கு மட்டும் ஒரு லைசென்ஸ்காரரைத் தேடுகிற வழக்கமும் இருக்கிறது. ஆகவே இதை அளவு பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்பேன். சுவிட்ச் மாற்றுவதற்குச் சான்றிதழ் கேட்பது வீண். புதிதாக ஏ.சி. லைன் இழுக்க, மெயின் போர்டை மாற்ற, சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸுக்குப் போக, எர்த் குழி போட என்றால் கேட்டே ஆக வேண்டும். உங்கள் தெரு ஆளே ஒரு லைசென்ஸ்காரரை அழைத்துவந்து அவர் கண் பார்வையில் செய்யலாம்.

செலவைப் பற்றிய மறுப்புக்கு இன்னும் கனம் உண்டு. முழு வயரிங்கையும் மாற்ற எல்லோராலும் முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள், ஓரிரண்டாயிரம் ரூபாய் சுற்றளவில் முடிகிற பொருள். எர்த் சரியில்லாத வீட்டில்கூட, ஒருவர் உடல் வழியாகத் தரைக்குக் கரண்ட் ஓடினால் அது துண்டிக்கும். ஷாக் அடிக்கத்தான் செய்யும், ஆனால் பிடித்துக்கொண்டே இருக்காது. எர்த் குழியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக எர்த்தையும் நியூட்ரலையும் இணைக்க மட்டும் விடாதீர்கள்.

அவசரம் என்று அழைப்பதில் பல, எலக்ட்ரீஷியன் செய்யக்கூடிய வேலையே இல்லை. மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு, மீட்டரைத் தாண்டினால் நம்முடையது. சர்வீஸ் ஒயரில் தீப்பொறி, கம்பத்தில் பழுது, மீட்டரில் கருகல் என்றால் 2021 ஜூனில் தொடங்கிய, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்தான் வழி. வெளி ஆள் யாரும் கம்பம் ஏறக் கூடாது, சீல் வைத்ததைத் தொடக் கூடாது. இதில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஓர் அறிகுறி: திடீரென்று உங்கள் வீட்டு பல்பு கண் கூசுகிற அளவுக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் மங்குகிறது. தெரு லைனில் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நோக்கி ஏறும், டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் நிமிடங்களில் போய்விடும். யாருக்கும் போன் செய்வதற்கு முன்னால் மெயினை இறக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே கருகல் வாடை, சுவிட்ச் போர்டில் புகை, குழாயைத் தொட்டால் சுரீர் என்றாலும் முதல் வேலை அதுதான். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். ஒருவர் ஷாக்கில் மாட்டியிருந்தால் மெயினை இறக்காமல் அவரைத் தொடக் கூடாது, இறக்கியதும் 108.

அப்படி அணைத்துவிட்டால் ராத்திரி முழுவதும் இருட்டில் கிடப்பதா, கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் இது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராத்திரி பதினொன்றுக்கு, கிடைத்த யாரையோ அழைத்து எதையாவது செய்து ஏற்றச் சொல்வது இந்த நெருக்கடியில்தான். பழுதான லைனின் எம்.சி.பி.யை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதை ஏற்ற முடிந்தால் படுக்கையறை ஃபேன் ஓடும், விடியும்வரை காத்திருக்கலாம். எது எந்த லைன் என்று தெரிந்தால்தானே அது முடியும்? பெரும்பாலான வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தால் எட்டு எம்.சி.பி.களும் பெயரில்லாமல் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் ஹால் லைட், கிச்சன் பவர், பாத்ரூம் ஹீட்டர் என்று மார்க்கரில் எழுதிவைக்கச் சொல்வதைத்தான் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் முதல் வேலையாக வைக்க வேண்டும். அதையும் எந்தப் பழுதும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எல்லா ஸ்குருக்களையும் இறுக்கி, எர்த்தைச் சோதித்து, ஆர்.சி.சி.பி.யை விழவைத்துப் பார்த்து, பெயரெழுத அவருக்கு இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை நீங்களும் நிதானமாகப் பார்த்துவிடலாம். அவசரத்தில் அழைக்கத் தகுந்த ஆளா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. எர்த் குழிக்கு யார் காசு கொடுப்பது? ஹவுஸ் ஓனர் “நீங்கதானே ஹீட்டர் போட்டீங்க” என்பார், குடியிருப்பவர் நாலு வருடத்தில் காலி செய்யப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்பார். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, வயரிங்கும் அதன் பராமரிப்பும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு, சுவிட்ச், பிளக் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரிக்கிறது. எர்த் என்பது வயரிங்கின் ஒரு பகுதி. ஒப்பந்தம் எழுதும்போதே, குடிபுகுவதற்கு முன் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் ஒருவரை வைத்துச் சோதித்துத் தருவார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அட்வான்ஸாகப் பல மாத வாடகையை வாங்கிக்கொள்பவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.